பின்னோக்கிச் செல்லாத கடிகாரத்தைக் கர்னலில் எப்படி அமைப்பது?

நடுச்சாம_நிரலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கற்றுக்கொள்வதற்காக, 64 பிட் எக்ஸ்86 கணினியில் இயங்கும் சிறிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். புராசஸ்கள், ஃபைல் சிஸ்டம், எளிய டிசிபி (வலையமைப்பு இணைப்பு) அடுக்கு ஆகியவை ஓரளவு நிலைபெற்றுவிட்டன. நேரத்தைப் பொறுத்தவரை மட்டும், முதல் வாரத்தில் அவசரமாக எழுதியதே இன்றுவரை இருக்கிறது. கணினி தொடங்கும்போது ஆர்டிசி (கணினி அணைந்திருந்தாலும் ஓடும் கடிகாரம்) சிப்பிலிருந்து தேதியையும் நேரத்தையும் படித்து ஒரு மாறியில் வைக்கிறேன். பிஐடி என்ற வன்பொருள் டைமரை நொடிக்கு 100 இன்டரப்ட் (பிராசஸரை இடைமறிக்கும் சைகை) தருமாறு அமைத்து, ஒவ்வோர் இன்டரப்டுக்கும் அந்த மாறியோடு 10 மில்லிநொடியைக் கூட்டுகிறேன். ஸ்லீப் அழைப்பு, டிசிபியின் மறுஅனுப்பல் டைமர்கள், ஷெட்யூலர் (எந்தப் புராசஸ் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) எல்லாம் அந்த ஒரே மாறியைத்தான் நம்பியிருக்கின்றன.

சென்ற வாரம் என்டிபி (வலையமைப்பு வழியாகச் சரியான நேரத்தைப் பெறும் முறை) கிளையன்ட் ஒன்றைச் சேர்த்தேன். சோதனைக் கணினியின் ஆர்டிசி ஒரு மணி நேரம் முன்னால் இருந்தது. என்டிபி பதில் வந்தவுடன் கர்னல் நேரம் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதற்குச் சற்று முன் 5 நொடி உறங்கச் சென்ற புராசஸ், ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தது. மறுநாள் ஆர்டிசியை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்னால் வைத்துச் சோதித்தேன். நேரம் முன்னே தாவிய கணத்தில் டிசிபி டைமர்கள் அனைத்தும் ஒன்றாகக் காலாவதியாகி, நன்றாக இருந்த இணைப்புகள்கூட அறுந்துபோயின.

மோனோடானிக் கடிகாரம், அதாவது ஒருபோதும் பின்னோக்கிச் செல்லாத கடிகாரம், ஒன்று வேண்டும் என்பது புரிந்துவிட்டது. அதை எப்படி அமைப்பது என்பதில்தான் தெளிவில்லை. இப்போதுள்ள மாறிக்குப் பக்கத்தில், யாரும் மாற்ற முடியாத இரண்டாவது மாறி ஒன்றை வைத்து, இன்டரப்டில் இரண்டையும் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? 10 மில்லிநொடியைவிட நுட்பமான அளவு வேண்டுமானால் என்ன செய்வது? என்டிபி செய்யும் திருத்தங்களில் எவை இந்தக் கடிகாரத்தைத் தொடலாம், எவை தொடக்கூடாது?

மணிக்கூண்டு

இரண்டாவது மாறி வேண்டாம். அது இன்றைய சிக்கலைத் தீர்க்கும். ஆனால் ஒரே காலத்தை இரு இடங்களில் எண்ணத் தொடங்கினால், ஏதோ ஒரு நாள் ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு மற்றொன்றை மறக்கும் நிரல் வரி எங்காவது புகுந்துவிடும். உறவைத் தலைகீழாக மாற்றுங்கள். கர்னலில் உண்மையில் ஓடுவது மோனோடானிக் கடிகாரம் ஒன்று மட்டுமே. கணினி தொடங்கும்போது அது பூஜ்ஜியம். நாட்காட்டி நேரம் என்பது அதனோடு ஓர் ஆஃப்செட்டை (இடைவெளி மதிப்பை)க் கூட்டினால் கிடைக்கும் மதிப்பு, அவ்வளவுதான். ஆர்டிசியைப் படிக்கும்போது அந்த ஆஃப்செட்டை நிர்ணயிக்கிறீர்கள். பயனரோ என்டிபியோ நேரத்தை மாற்றும்போதும் அந்த ஆஃப்செட்டைத்தான் மாற்றுகிறீர்கள். மோனோடானிக் மதிப்பை எழுதும் வழி எந்த சிஸ்டம் காலிலும் (நிரல்கள் கர்னலிடம் விடுக்கும் அழைப்பு) இருக்கக்கூடாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமும் இதையே சொல்கிறது: கிளாக்_மோனோடானிக்கை மாற்றுமாறு கிளாக்_செட்டைம் அழைப்பைக் கேட்டால், அது பிழை தந்து திரும்ப வேண்டும்.

இதன்பின் ஸ்லீப், டிசிபி டைமர்கள், ஷெட்யூலர் ஆகிய மூன்றையும் மோனோடானிக் மதிப்புக்கு மாற்றிவிடுங்கள். "இவ்வளவு நேரம் கழித்து" என்று கேட்பவை எல்லாம் அந்தப் பக்கம். "இந்தத் தேதியில், இந்த மணிக்கு" என்று கேட்பவை மட்டும் நாட்காட்டிப் பக்கம். ஆனால் நாட்காட்டி டைமர்களுக்கு ஒரு கடமை உண்டு: ஆஃப்செட் மாறியவுடன் அவற்றின் வரிசையை மறுபடி கணக்கிட வேண்டும். 2012 ஜூன் 30 அன்று லீப் நொடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக நாட்காட்டி நேரத்தில் சேர்க்கும் கூடுதல் நொடி) சேர்க்கப்பட்டபோது லினக்ஸ் கர்னலில் தவறியது இதுதான். நாட்காட்டி நேரம் ஒரு நொடி மாறியது; அந்தச் செய்தி உயர்நுட்ப டைமர் பகுதிக்குச் சொல்லப்படவில்லை; ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருக்கக் கேட்ட நிரல்கள் உடனுக்குடன் எழுந்து மீண்டும் காத்திருக்கச் சென்று, பிராசஸரை முழுவதுமாக விழுங்கின.

அடுத்து, இன்டரப்டுகளை எண்ணும் முறையையே கைவிடுவது நல்லது. பிஐடியின் அடிப்படை அதிர்வெண் 1.193182 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 100 என்பதற்கு நீங்கள் 11932 என்ற வகுப்பானை எழுதியிருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு இடைவெளியும் 10 மில்லிநொடியைவிடச் சுமார் 0.15 மைக்ரோநொடி நீளம். அதைக் கவனிக்காமல் 10 என்றே கூட்டினால், ஒரு நாளில் சுமார் 1.3 நொடி பின்தங்குகிறீர்கள். அதைவிட மோசமானது, இன்டரப்டுகள் 20 மில்லிநொடிக்கு மேல் முடக்கப்பட்டிருந்தால் இடையில் வந்த துடிப்பு தடயமின்றித் தொலைந்துவிடும். இன்டரப்ட் என்பது "இப்போது கடிகாரத்தைப் பார்" என்ற நினைவூட்டலாக மட்டும் இருக்கட்டும். எவ்வளவு நேரம் கடந்தது என்பதைத் தானாக ஓடும் வன்பொருள் கவுன்ட்டர் சொல்லட்டும்.

படிகத்துடிப்பு

மணிக்கூண்டு சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கவுன்ட்டரை நானோநொடியாக மாற்றும் இடத்தைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். என் அனுபவத்தில் பிழைகள் பெரும்பாலும் அங்குதான் ஒளிந்திருக்கும்.

வழக்கமான சூத்திரம்: நானோநொடி = (துடிப்பு வேறுபாடு × பெருக்கி) >> நகர்வு. நகர்வு என்பது விடையை எத்தனை பிட் வலப்பக்கம் நகர்த்துகிறோம் என்ற எண். ஒவ்வொரு முறையும் வகுத்தல் செய்வது மெதுவானது என்பதால், அதிர்வெண்ணை ஒரே ஒரு முறை பெருக்கியாக மாற்றி வைத்துக்கொள்கிறோம். 3 கிகாஹெர்ட்ஸ் கவுன்ட்டருக்கு நகர்வு 32 என்று வைத்தால், பெருக்கி 2-இன் 32-ஆம் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு. நுட்பம் அபாரமாக இருக்கும். ஆனால் பெருக்கற்பலன் 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும். அந்தப் பலன் என்பது நானோநொடியை 32 பிட் இடப்பக்கம் நகர்த்திய மதிப்புதான். ஆகவே கவுன்ட்டரின் வேகம் எதுவாக இருந்தாலும், 4.29 நொடிக்கு மேற்பட்ட வேறுபாட்டில் அது நிரம்பி வழிந்துவிடும். டிபக்கரில் கர்னலை ஐந்து நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் காலம் பின்னால் போயிருப்பதைக் காண்பீர்கள். நகர்வை 24 ஆகக் குறைத்தால் எல்லை சுமார் 18 நிமிடமாக நீளும். அதற்கு ஈடாக, பெருக்கியை முழு எண்ணாக்குவதில் வரும் பிழை அதே 3 கிகாஹெர்ட்ஸ் கவுன்ட்டருக்கு ஒரு நாளில் சுமார் 5 மில்லிநொடியாக வளரும். 64 பிட் எக்ஸ்86-இல் இரு 64 பிட் எண்களைப் பெருக்கினால் 128 பிட் விடையே கிடைக்கும் என்பதால், உங்கள் நிலையில் நகர்வு 32-ஐ வைத்துக்கொண்டு முழு விடையையும் பயன்படுத்துவதே நேர்மையான தீர்வு என்று கருதுகிறேன்.

வேறுபாடு பெருகிக்கொண்டே போகாமல் இருக்க, அவ்வப்போது அதை அடிப்படை மதிப்பில் சேர்த்துவிட்டு, அப்போதைய கவுன்ட்டர் மதிப்பைப் புதிய தொடக்கப் புள்ளியாக்க வேண்டும். இங்கே, நகர்த்தும்போது வெட்டுப்படும் கீழ்ப் பிட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சராசரியாக அரை நானோநொடி போகிறது; நொடிக்கு 100 முறை சேர்த்தால் ஒரு நாளில் 4.3 மில்லிநொடி. மீதியைத் தனியே வைத்திருந்து அடுத்த முறை கூட்டுவதற்கு ஒரே ஒரு மாறி போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்டிபிக்காகப் பெருக்கியை மாற்றும் நாள் வரும்போது, அதுவரை கடந்த நேரத்தைப் பழைய பெருக்கியால் கணக்கிட்டு அடிப்படையில் சேர்த்த பிறகே புதிய பெருக்கியை வையுங்கள். கடைசியாகச் சேர்த்து ஒரு நொடி ஆகியிருக்கும்போது பெருக்கியை மட்டும் பத்து லட்சத்தில் 500 பங்கு குறைத்தால், அந்த முழு நொடியும் புதிய பெருக்கியால் மறுகணக்கிடப்பட்டு, கடிகாரம் 500 மைக்ரோநொடி பின்னே போகும். இதே பிழையை என் கர்னலில் தேடிப் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். வரிசையில் இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன, வேறொன்றுமில்லை.

படிக்கும் பக்கத்தில், அடிப்படை மதிப்பு, தொடக்கத் துடிப்பு, பெருக்கி ஆகிய மூன்றும் ஒரே சமயத்துக்குரியவையாக இருந்தாக வேண்டும். இதற்குப் பூட்டைவிட வரிசை எண் முறை பொருத்தமானது. எழுதுபவர் தொடங்கும்போது வரிசை எண்ணை ஒற்றைப்படையாக்கி, முடிக்கும்போது இரட்டைப்படையாக்குகிறார். படிப்பவர் முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்த்து, மாறியிருந்தாலோ ஒற்றைப்படையாக இருந்தாலோ மீண்டும் படிக்கிறார். எழுதும் வேளையில் அதே கோரில் (பிராசஸருக்குள் தனித்து இயங்கும் பகுதி) இன்டரப்டை முடக்க மறக்காதீர்கள். மறந்தால், இன்டரப்ட் ஹேண்ட்லர் நேரத்தைக் கேட்கும்போது, தான் இடைமறித்த எழுத்தாளர் முடிப்பதற்காக முடிவின்றிக் காத்திருக்கும்.

இரட்டைக்கரு

எந்தக் கவுன்ட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். எக்ஸ்86-இல் டிஎஸ்சி (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் துடிப்புக் கவுன்ட்டர்) மிக விரைவாகப் படிக்கக்கூடியது; ஆனால் பிராசஸரின் திறன்களைச் சொல்லும் சிபியுஐடி கட்டளையின் 0x80000007 பகுதியில், இடிஎக்ஸ் ரிஜிஸ்டரின் 8-ஆம் பிட் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதை நம்புங்கள். பழைய பிராசஸர்களில் மின்சேமிப்புக்காக வேகம் குறையும்போது டிஎஸ்சியின் வேகமும் குறையும். அந்தப் பிட் இல்லையென்றால் எச்பிஇடி என்ற தனி வன்பொருள் டைமர். அதுவும் இல்லையென்றால் ஏசிபிஐ டைமர். கடைசியாகச் சொன்னது 3.579545 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, சில கணினிகளில் 24 பிட் மட்டுமே கொண்டது, ஆகவே 4.69 நொடிக்கு ஒரு முறை சுற்றி வந்துவிடும். வேறுபாட்டைக் கழித்தபின் 24 பிட் மாஸ்க்கை இடுவதும் (கீழ் 24 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்வதும்), அதற்குள் ஒரு முறையாவது கடிகாரத்தைப் பார்ப்பதும் கட்டாயம்.

டிஎஸ்சியின் அதிர்வெண்ணைப் பிஐடியோடு ஒப்பிட்டு அளக்கிறீர்கள் என்றால், 10 மில்லிநொடி அளவீட்டில் 1 மைக்ரோநொடி பிழை நேர்ந்தாலே ஒரு நாளில் 8 நொடிக்கு மேல் விலகும். அளவீட்டை நீளமாக்கி, சில முறை செய்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் விடைகளை மட்டும் எடுங்கள். புதிய இன்டெல் பிராசஸர்கள் சிலவற்றில் சிபியுஐடியின் 0x15 பகுதியே, துடிப்பைத் தரும் படிகத்தின் அதிர்வெண்ணையும் விகிதத்தையும் தந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோர்கள் இருந்தால், ஒரு கோரின் டிஎஸ்சி மற்றொன்றைவிடச் சில துடிப்புகள் பின்தங்கியிருக்கலாம். அந்தக் கோர் படித்த மதிப்பு, இன்னொரு கோர் பதிவு செய்த தொடக்கத் துடிப்பைவிடச் சிறியதாக இருந்தால், குறியில்லா எண்ணில் கழித்தவுடன் மாபெரும் எண் கிடைத்து, கடிகாரம் எதிர்காலத்துக்குத் தாவிவிடும். வேறுபாடு எதிர்மறையாக வந்தால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு நிபந்தனை போதுமானது. கோர்களுக்கு இடையே உண்மையிலேயே பெரிய இடைவெளி இருந்தால் இது மருந்தாகாது. இரண்டாம் கோரை எழுப்பும்போது இருவரையும் மாறிமாறிப் படிக்கவைத்துச் சோதித்து, தேறாவிட்டால் டிஎஸ்சியைக் கைவிடுவதே சரி. டிஎஸ்சியைப் படிக்கும் ஆர்டிடிஎஸ்சி கட்டளையைப் பிராசஸர் தனக்கு முந்தைய கட்டளைகளுக்கு முன்பாகவே செய்துவிடக்கூடும் என்பதால், அதற்கு முன் எல்ஃபென்ஸ் என்ற தடுப்புக் கட்டளை ஒன்றும் தேவை.

நடுச்சாம_நிரலர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடந்த பத்து நாட்களில் நேரப் பகுதியை முழுவதுமாகத் திருப்பி எழுதினேன். மோனோடானிக் மதிப்பு அடிப்படையாகி, நாட்காட்டி நேரம் ஆஃப்செட்டாக மாறியதும், நிரல் முன்பைவிடச் சுருங்கியே விட்டது. ஆர்டிசியை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றிச் சோதித்தேன். 5 நொடி உறக்கம் இரு முறையும் 5 நொடியிலேயே முடிந்தது, இணைப்புகளும் அறுபடவில்லை. எதிர்மறை வேறுபாடு வரும்போது ஓர் எண்ணிக்கையைக் கூட்டுமாறு எழுதியிருந்தேன். நான்கு கோர் கணினியில் அது ஓர் இரவில் சில முறை கூடியிருந்தது. இரட்டைக்கரு எச்சரிக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாவல்களின் காரணத்தை நான் கண்டுபிடித்திருப்பேனா என்பது ஐயமே.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. என்டிபி மெதுவாக வேகத்தைத் திருத்தும்போது மோனோடானிக் கடிகாரமும் அந்தத் திருத்தத்தை ஏற்க வேண்டுமா? கணினி உறக்க நிலைக்குச் சென்று மீண்டால், இடையில் போன நேரத்தை இது எண்ண வேண்டுமா?

பொறுமை_64

முதல் கேள்விக்கு என் விடை, ஏற்க வேண்டும் என்பதே. தாவலையும் வேகத் திருத்தத்தையும் பிரித்துப் பாருங்கள். தாவல் ஆஃப்செட்டைச் சேர்ந்தது. அது மோனோடானிக்கை ஒருபோதும் தொடக்கூடாது. வேகத் திருத்தம் என்பது, உங்கள் படிகம் உண்மையான நொடியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அறிவு; அந்த அறிவு கிடைத்தபின் அதைப் பயன்படுத்தாத கடிகாரம், தெரிந்தே தவறான நொடியைத் தருகிறது. லினக்ஸில் கிளாக்_மோனோடானிக் இந்தத் திருத்தத்தை ஏற்கிறது. வேகம் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் மாற அனுமதியில்லை, ஆகவே ஒரு நொடி விலகலை இந்த வழியில் மட்டும் சரிசெய்ய 2000 நொடி ஆகும். திருத்தமே இல்லாத துடிப்பு வேண்டுவோருக்காக 2.6.28 பதிப்பில் கிளாக்_மோனோடானிக்_ரா தனியாகச் சேர்க்கப்பட்டது. வன்பொருளை அளப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படுவது அரிது. நீங்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உறக்க நிலை பற்றிய கேள்விக்கு அவ்வளவு உறுதியான விடை கிடையாது, ஏனெனில் இயங்குதளங்களே வேறுபடுகின்றன. லினக்ஸின் கிளாக்_மோனோடானிக் உறங்கிய நேரத்தை எண்ணாது; எண்ணும் கடிகாரம் கிளாக்_பூட்டைம் என்ற பெயரில் 2.6.39 பதிப்பில் வந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் கிளாக்_மோனோடானிக்கே உறங்கிய நேரத்தையும் எண்ணும். 2018-இல் லினக்ஸிலும் இரண்டையும் ஒன்றாக்கும் மாற்றம் 4.17 பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டு, அந்தப் பதிப்பு வெளிவரும் முன்பே திரும்பப் பெறப்பட்டது: கணினி உறக்கத்திலிருந்து எழுந்தவுடன், பல மணி நேரம் பதிலளிக்காமல் இருந்ததாகத் தம்மைத் தாமே கருதிய சேவைகள் காலாவதியாகி விழுந்தன. எந்த முறையைத் தேர்ந்தாலும் கடிகாரம் பின்னோக்கிப் போகப்போவதில்லை; ஆனால் ஒருமுறை தேர்ந்து பயன்பாட்டு நிரல்கள் அதை நம்பத் தொடங்கியபின் மாற்றுவது இயலாது என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. உங்களிடம் இன்னும் பயன்பாட்டு நிரல்கள் குறைவு என்பதால், இரண்டு கடிகாரங்களையும் இப்போதே தனித்தனிப் பெயரில் கொடுத்துவிடுங்கள். உறங்கிய நேரத்தை எழுந்தவுடன் ஆர்டிசியிலிருந்து கணித்து, இன்னொரு ஆஃப்செட்டில் சேர்த்தால் போதும். உறக்கத்தில் டிஎஸ்சி பூஜ்ஜியத்துக்குத் திரும்பியிருக்கக்கூடும், எனவே தொடக்கத் துடிப்பை எழுந்தவுடன் மறுபடி பதிவு செய்யுங்கள்.

சோதனைக்கு ஒரு யோசனை. கடிகாரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காமல், உள்ளேயுள்ள 32 பிட் மாறிகள் எவையேனும் இருந்தால் அவை சில நிமிடங்களில் நிரம்பி வழியும்படி தொடங்கிப் பாருங்கள். லினக்ஸ் தன் ஜிஃபீஸ் (டைமர் துடிப்புகளின் எண்ணிக்கை) கவுன்ட்டரை இதற்காகவே, 32 பிட் மதிப்பு 300 நொடியில் சுற்றி வரும் இடத்திலிருந்து தொடங்குகிறது. மில்லிநொடியை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் நிரம்பும். அவ்வளவு நாள் காத்திருந்து பிழையைக் காண்பதைவிட ஐந்தாவது நிமிடத்தில் காண்பது மேல். 64 பிட் நானோநொடிக்கு, குறியுடன் வைத்தாலும், 292 ஆண்டுகள் இடமிருக்கிறது.

மணிக்கூண்டு

பொறுமை_64 எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பயனர் பக்கத்து நூலகத்தையும் பார்த்துவிடுங்கள். கர்னலில் எல்லாம் சரியாக இருந்தும், போசிக்ஸ் முறைப்படி பித்ரெட்_காண்ட்_டைம்டுவெய்ட் (ஒரு நிபந்தனைக்காகக் குறித்த நேரம் வரை காத்திருக்கும் அழைப்பு) இயல்பாக நாட்காட்டி நேரத்தைத்தான் பயன்படுத்துகிறது. பித்ரெட்_காண்டாட்ர்_செட்கிளாக் வழியாக மோனோடானிக் என்று சொன்னால்தான் மாறும். இல்லையென்றால் உங்கள் ஒரு மணி நேர உறக்கம் அந்த வழியாக மறுபடி வந்துவிடும். மேலும், மோனோடானிக் மதிப்பை ஃபைலில் சேமிப்பதோ வேறு கணினிக்கு அனுப்புவதோ பொருளற்றது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது அது மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து வரும். உங்கள் ஃபைல் சிஸ்டம் திருத்திய நேரத்தை எந்தக் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நடுச்சாம_நிரலர்

பார்த்தேன். ஸ்லீப்பை மாற்றிய வேகத்தில் ஃபைல் சிஸ்டத்தையும் மோனோடானிக்குக்கு மாற்றிவிட்டிருந்தேன். நேற்றுமுதல் உருவான ஃபைல்கள் அனைத்தும் 1970 ஜனவரி 1 என்று காட்டுகின்றன. அதை நாட்காட்டி நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். உறங்கிய நேரத்தை எண்ணும் கடிகாரத்தைத் தனிப் பெயரில் சேர்க்கும் பணியை இன்று தொடங்குகிறேன்.